இரண்டு காதுக்கும் ஒரே மடி

எனக்கு மன்னிக்கிற குணம் கொஞ்சம் குறைவு. பெருமைக்காகச் சொல்லவில்லை; வெட்கப்பட்டும் சொல்லவில்லை. விருதுநகர்ப் பக்கம் எங்கள் சொந்தத்தில், கல்யாணப் பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை என்பதற்காக இருபது வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் உண்டு. அந்த ரத்தம்தான் எனக்கும். “ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விட்டுத்தள்ளு” என்று யாராவது ஆரம்பித்தால், பழங்கஞ்சியைத்தான் எங்கள் வீட்டில் ஊறுகாய் வைத்து ருசித்துக் குடிப்போம் என்பேன்.

ஆகவே, என் மனைவியின் அண்ணன் டெக்சாஸில் ஒரு பிற்பகலில் என்னைப் பற்றிச் சொன்ன இரண்டே சொற்களை ஆறு மாதம் பத்திரமாக வைத்திருந்து, அவரிடமே திருப்பிக் கொடுத்த கதையை எழுதுகிறேன். நியாயம் யார் பக்கம் என்று பஞ்சாயத்து வைக்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வையுங்கள்.

மனைவி என்று எழுதியதும் சில பேர் மறுபடி ஒருமுறை படிப்பார்கள். படிக்கட்டும். நானும் பெண், அவளும் பெண். அவளுக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம். கலிஃபோர்னியாவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் வரிசையில் நின்று கல்யாண லைசென்ஸ் வாங்கினோம். இரண்டு நண்பர்கள் கூட வந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் கல்யாணம் முடிந்தது. மேளமும் இல்லை, தாலியும் இல்லை. நாங்கள் குடியிருக்கும் ஃப்ரீமான்ட்டுக்குத் திரும்பி வரும் வழியில் மவ்ரி அவென்யூ இந்தியக் கடையில் கறிவேப்பிலையும் தோசை மாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

நான்கு வருடம் கழித்து மகள் பிறந்தாள். கிளினிக்கில், முகம் தெரியாத ஒருவர் கொடுத்த விந்து தானத்தால் உண்டானவள். சுமந்ததும் பெற்றதும் என் மனைவி. நர்ஸ் துடைத்து நீட்டியபோது முதலில் வாங்கிய கை என்னுடையது. பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்ற இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

இன்னொரு தப்பும் செய்தேன், அது முழுக்க நம்ம ஊர்த் தப்பு. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. என் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என் அப்பாவுடையது. அவள் பாஸ்போர்ட்டில் அவள் அப்பாவுடையது. பிள்ளைக்கு என்ன கடைசிப் பெயர் என்று ஆஸ்பத்திரியில் ஃபாரம் நீட்டியபோது, அவள் வலியில் கிடக்கிறாளே என்ற பாசத்தில், “பெத்தது நீ, உன் பேரையே போடு” என்றேன். பெரிய தியாகி! ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர். என் டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால் என் மகளுக்கும் எனக்கும் சம்பந்தம் இருப்பதாக ஒரு எழுத்துகூட ஒத்துப்போகாது.

அவளுடைய அண்ணன் டெக்சாஸில் இருக்கிறார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஊர்க்காரர்கள் சங்கத்தில் பொங்கல் விழா என்றால் பந்தலிலிருந்து பாயசம் வரை அவர்தான். எங்களைப் பற்றி அவருக்குத் தெரியும். ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது, சண்டை போட்டார் என்றும் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் என்னை “தங்கச்சியோட ரூம்மேட்டுங்க” என்று அறிமுகப்படுத்துவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே, பத்து வருடமாக ஒரே அறையில் இருக்கிற ரூம்மேட். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிடும்போது சண்டை எதற்கு என்று இருந்தேன்.

மகளுக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல். மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்; எழுப்ப மனம் வரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த காய்ச்சல் மருந்தை நானே அளந்து கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பிள்ளை உடம்பு இன்னும் கொதித்தது, கண் சொருகியது. மனைவியை எழுப்பி, மருந்து கொடுத்ததைச் சொல்லக்கூடத் தோன்றாமல், அண்ணனும் நாங்களுமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினோம். நான் ஓட்டினேன். அவர் வழி சொன்னார். அவசர சிகிச்சை வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, காரை நிறுத்திவிட்டு, குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன். அந்தப் பைக்குள்தான் என் மனைவியின் ஃபோனும் இருந்தது.

உள்ளே போனால் மனைவியும் பிள்ளையும் இல்லை. ஏற்கெனவே அழைத்துப் போய்விட்டார்கள். கவுன்ட்டரில் அண்ணன் ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார். நான் அந்தக் குழந்தையின் அம்மா, உள்ளே விடுங்கள் என்றேன். கவுன்ட்டரில் இருந்தவள் ஃபாரத்தைப் பார்த்தாள். அம்மா உள்ளே இருக்கிறார்களே என்றாள். நானும் அம்மா என்றேன். லைசென்ஸைக் கேட்டாள். கொடுத்தேன். ஃபாரத்தைப் பார்த்தாள், லைசென்ஸைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். இவர் யார் என்று அவரைக் கேட்டாள்.

காத்திருக்கும் அறையின் மூலையில் கையில் கட்டுப் போட்டபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்கள் சங்கத்துக்காரர். அண்ணன் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. நான் பார்த்தேன். இன்றைக்குக் கண்ணை மூடினாலும் அந்த ஒரு நொடி தெரிகிறது.

“ஜஸ்ட் எ ஃபேமிலி ஃப்ரெண்ட்” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், “நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறமுங்க” என்றார். தணிந்த குரல்! கத்தியிருந்தாலாவது நானும் கத்தியிருப்பேன்.

பிறகு கவுன்ட்டரில் இருந்தவளிடம் கத்தவும் செய்தேன். மருந்து கொடுத்திருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கொடுத்திருக்கிறேன், உள்ளே இருக்கிற என் மனைவிக்குத் தெரியாது, போய்ச் சொல்லுங்கள் என்றேன். குடும்பத்தாரிடம் மட்டும்தான் பேச முடியும், உட்காருங்கள் மேடம் என்றாள். அண்ணன், “நான் சொல்றனுங்க” என்றார். அவரையும் உள்ளே விடவில்லை, அவரும் சொல்லவில்லை. விசா இன்டர்வியூவுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதற்கொண்டு ஃபைல் போட்டுத் தூக்கிப்போன ஆள் நான். என் சொந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை ஃப்ரீமான்ட்டில் அலமாரியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். இது யாரைக் குறை சொல்வது? செருப்பால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதாள். அவள் பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று எனக்குத் தெரியும். இது வேறு. நாற்பது நிமிடம். சுவரில் கடிகாரம் இருந்தது, வேறு எதைப் பார்ப்பது? நாற்பதாவது நிமிடத்தில் என் மனைவி வெளியே வந்து, “எங்கடி போன நீ? உன்னத் தேடிட்டே இருக்கேன்” என்று அழுதாள். அதற்குள் உள்ளே இரண்டாவது முறை மருந்து கொடுத்துவிட்டார்கள். நான் சொன்னதும் டாக்டர் முகம் மாறியது. ரத்தம் எடுக்க வேண்டும், சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஐந்து மாதப் பிள்ளையின் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். கடைசியில் ஒன்றும் ஆகவில்லை. கடவுள் புண்ணியம். ஆனால் அந்த மூன்று குத்தும் அந்த இரண்டு சொல்லால் வந்தது.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும், “அந்த ஆளு அங்க உக்காந்திருந்தாருங்க. சொன்னா நாளைக்கு அசோசியேஷன் பூராப் பரவிப்போயிருமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகத்தான் எடுத்துக்கொண்டேன். பின் சீட்டிலிருந்து மனைவி, “அண்ணன் வேணும்னு பண்ணலடி” என்றாள்.

“வேணும்னு பண்ணாமலே இப்படி. வேணும்னு பண்ணா எப்படி இருக்கும்?” என்றேன்.  ஃப்ரீவேயில் எக்ஸிட் வரும்போது மட்டும் அவர் கையைக் காட்டினார்.

ஊர் திரும்பிய வாரமே ஒரு வக்கீலைப் பிடித்தேன். பொறுமையான பெண்மணி. பிறப்புச் சான்றிதழ் என்பது ஒரு பதிவு மட்டும்தான் என்று விளக்கினாள். உங்கள் மாநிலத்தில் மதிப்பார்கள், வேறு மாநிலத்தில் எவனாவது எதிர்த்து வழக்குப் போட்டால் உங்களுக்குத் தலைவலி. கல்யாணச் சட்டத்தின் மேலேயே நாளைக்கு யார் கை வைப்பார்களோ என்ற பேச்சு இருக்கிறது. ஆனால் நீதிமன்ற உத்தரவு அப்படி இல்லை, ஐம்பது மாநிலமும் தலைவணங்கித்தான் ஆக வேண்டும். அதனால் உங்கள் மகளை நீங்கள் தத்தெடுத்துவிடுங்கள் என்றாள்.

என் மகளை நான் தத்தெடுக்க வேண்டும். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆணும் பெண்ணுமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இதே கிளினிக்குக்குப் போய், இதே மாதிரி தானம் வாங்கிப் பெற்றுக்கொண்டால், அந்த ஆளிடம் யாரும் ஒரு ஃபாரம் நீட்டுவதில்லை. அவன் அப்பா. முடிந்தது. நான் மட்டும், என் பிள்ளை எப்படி உண்டானாள் என்று சத்தியம் செய்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நல்லா இருக்கிறது நியாயம்! எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் பேனாவை அழுத்தின அழுத்தில் அடுத்த பக்கத்தில் தடம் விழுந்தது. எதற்கு இந்தப் பாடு என்று சோர்வு வரும்போதெல்லாம் அந்தத் தணிந்த குரலை ஒருமுறை நினைத்துக்கொள்வேன். கை தானாக எழுதும்.

நேரில் போகாமலே முடித்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொன்னாள். இல்லை, நீதிபதி வாயால் கேட்க வேண்டும் என்றேன். போனோம். பிள்ளைக்குப் பத்து மாதம். நீதிபதியின் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தையை எல்லா வகையிலும் உன் சொந்தப் பிள்ளையாக நடத்துவாயா என்று அவர் கேட்டார். நடத்துவேன் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வாழ்த்துச் சொன்னார். என் மனைவி அழுதாள். நான் அழவில்லை. எல்லா வகையிலும் என்ற சொல் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லா வகையிலும் நான் தாய் என்றால், என் தம்பி தாய்மாமன். சட்டப்படி.

எனக்கு அது ஏன் உடனே உறைத்தது என்றால், அதற்கு முந்தின வாரம்தான் கோபியிலிருந்து என் மாமியார் வீடியோ காலில் வந்திருந்தார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், மருமகள் என்றும் சொல்ல மாட்டார். “அந்தப் புள்ள நல்லா இருக்குதா?” என்று மகளிடம் கேட்பார். அன்றைக்கும் கேட்டுவிட்டு, “பாப்பாவுக்குப் பதினோராம் மாசத்துல காது குத்திப் போடோணும். மாமன் மடி இல்லாம நம்ம வீட்ல காது குத்தற வழக்கம் இல்ல. உங்கண்ணன வரச் சொல்லு” என்றார்.

அவர்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் சும்மா இல்லை. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தும் உரிமை அவருக்கு மட்டும்தான். அதை விட்டுக்கொடுத்தால் ஊரில் தலை நிமிர முடியாது. அண்ணனே ஃபோன் செய்தார். “தாய்மாமன் சீரு நான் கொண்டாரோணுமுங்க. பட்டுப் பாவாடை, தோடு எல்லாம் வாங்கியாச்சுங்க. உங்க பக்கம் பே ஏரியால நம்ம சங்கத்து ஃபேமிலி ரெண்டு மூணு பேரு இருக்காங்க. அவங்களையும் கூப்டுக்கலாங்களா?”

“கண்டிப்பா வாங்க அண்ணா. யாரையெல்லாம் கூப்பிடணுமோ அத்தன பேரையும் கூப்பிடுங்க” என்றேன். என் வாயில் சர்க்கரை கொட்டியது. என் மனைவி கண் கலங்கி என்னைப் பார்த்தாள். மனசு மாறிவிட்டேன் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

சாப்பிடும்போது அவளே ஒரு யோசனை சொன்னாள். “நம்ம பாப்பாவுக்கு ரெண்டு அம்மா. அப்ப ரெண்டு தாய்மாமன். காதும் ரெண்டு இருக்கு. வலது காது உன் தம்பி மடில, இடது காது எங்கண்ணன் மடில. எப்படி ஐடியா?” அவள் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. நல்ல யோசனைதான், யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் சரி என்றேன். அந்தச் சரி பொய். மறுநாள் காலையில் நானே காது குத்தும் கிளினிக்குக்கு ஃபோன் செய்து, சின்ன அறை, பெற்றோரும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒரே ஒருவரும்தான் உள்ளே வரலாம் என்ற விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஃபாரத்தை நானே நிரப்பினேன். மனைவிக்குச் சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. கிழக்குக் கடற்கரையில் மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் என் தம்பி முந்தின நாளே பறந்து வந்திருந்தான். என் பிறந்த வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவன்தான். அவனுக்கும் என் திட்டம் தெரியாது. காலையில் லிவர்மோர் கோயிலில் பிள்ளை பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு எல்லோரும் கிளினிக்குக்கு வந்தோம். அண்ணன் பட்டு வேட்டி கட்டியிருந்தார். கையில் சீர்த்தட்டு, அதில் பாவாடை, தோடு, தேங்காய், பழம், வெல்லம், பூ. சங்கத்துக் குடும்பங்கள் இரண்டு வந்திருந்தன. அதில் ஓர் ஆன்ட்டி, கோபியில் இருக்கும் மாமியாருக்கு ஃபோனில் வீடியோ போட்டுக் காட்டிக்கொண்டே, தன் வீட்டுக்காரரிடம் இன்னொரு ஃபோனைக் கொடுத்து எல்லாவற்றையும் ரெக்கார்ட் செய்யச் சொன்னார். காத்திருக்கும் அறை, நாற்காலிகள், கவுன்ட்டர், பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள். டெக்சாஸில் இருந்தது எல்லாம் இங்கேயும் இருந்தது.

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். பெற்றோர் யார் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் என்றேன். சரி என்று விட்டுவிட்டாள். நான் விடுவேனா? ஃபைலைத் திறந்து நீதிமன்ற உத்தரவை எடுத்து நீட்டினேன். இதெல்லாம் தேவையில்லை என்றாள். பரவாயில்லை, நானும் அம்மா என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது, பாருங்கள் என்றேன். பாவம், மரியாதைக்குப் பார்த்தாள். குழந்தையைப் பிடித்துக்கொள்ளப் போவது யார் என்றாள்.

“என் தம்பி. குழந்தையின் தாய்மாமன்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தாய்மாமன் என்பதை மட்டும் தமிழிலேயே, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அண்ணன் தட்டோடு ஓர் அடி முன்னால் வந்தார். நர்ஸ் அவரைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று என்னைக் கேட்டாள்.

ஆறு மாதம் காத்திருந்த கேள்வி. அவசரப்படவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவர் அன்றைக்குப் பேசிய அதே தணிந்த குரலில் சொன்னேன்: “ஜஸ்ட் எ ஃபேமிலி ஃப்ரெண்ட்.”

அவருக்குப் புரிந்தது.  “நீங்க உக்காருங்க அண்ணா, நாங்க பாத்துக்கறோம்” என்றேன். அப்படி ஒரு சுகம் என் உடம்பில் ஓடியது. பொய் சொல்ல மாட்டேன். தாகத்தில் மோர் குடித்த மாதிரி இருந்தது.

உள்ளே தம்பி மடியில் பிள்ளையை வைத்து நர்ஸ் காதில் பேனாவால் புள்ளி வைத்தாள். “யக்கா, என்ன பண்ற நீ? ரெண்டு பேருன்னுதான சொன்ன?” என்று தம்பி பல்லைக் கடித்தான். நர்ஸிடம் குத்துங்கள் என்றேன். வலது காது. பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு வீறிட்டாள். நர்ஸ் அடுத்த காதுக்குத் தயாரானபோது மனைவி, “எங்கண்ணனக் கூப்பிடு” என்றாள்.

“ஒரு ஆள்தான் அலவுட்” என்றேன்.

“தம்பி வெளில போகட்டும், அண்ணன் வரட்டும். கேளுடி அவங்கள.”

கேட்டிருந்தால் விட்டிருப்பாள் அந்த நர்ஸ். எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. மனைவி தானே வாயைத் திறப்பதற்குள், நர்ஸிடம் தலையை ஆட்டினேன். இடது காதும் தம்பி மடியிலேயே முடிந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பத்து வருடக் குடித்தனம் ஒரு கணம் ஆடிப்போனது. பிள்ளை அழுகையோடு என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்தோம். அண்ணன் உட்காரவில்லை, கதவுக்கு நேரே தட்டோடு நின்றிருந்தார். சங்கத்துக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

“அன்னிக்கு உங்களுக்கும் உள்ள அழுவுறது இப்படித்தான் கேட்டுச்சுங்களா?” என்றார்.

“கேட்டுச்சு அண்ணா. எனக்கு நாப்பது நிமிஷம். உங்களுக்கு அஞ்சு நிமிஷந்தான்” என்றேன்.

வீட்டில் சாப்பாடு. யாருக்கும் சாம்பார் இறங்கவில்லை. நான் மட்டும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். புறப்படும்போது எல்லோருக்கும் தாம்பூலப் பை கொடுத்தோம். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு எவர்சில்வர் டப்பா. அண்ணன் பையில் மட்டும் கூடுதலாக ஒன்று வைத்திருந்தேன். நீதிமன்ற முத்திரை குத்திய உத்தரவு நகல், கவரில் போட்டு. “அடுத்த தடவ யாராச்சும் கேட்டா காட்டறதுக்கு” என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சீர்த்தட்டைப் பூஜை அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்.

மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “உனக்கு நியாயம் கெடச்சுதா, இல்ல எங்கண்ணனுக்கு அவமானம் கெடச்சுதா?” என்று கேட்டாள். இரண்டும் என்றேன். தம்பியும் மான்மவுத் ஜங்ஷன் போய்ச் சேர்ந்ததும், “உன் பழிக்கு என் மடிதான் கெடச்சுதா?” என்று மெசேஜ் போட்டான்.  

அடுத்த வாரம் அந்த ஆன்ட்டி வீட்டுக்காரர் எடுத்த வீடியோ என் மனைவிக்கு வந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்றால், வெளியே நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கத்தான். பாதி சுகம் அங்கே பாக்கி இருக்கிறது என்று நினைத்தேன். வீடியோவில் கதவு சாத்தியிருக்கிறது. அவர் தட்டோடு நிற்கிறார். உள்ளே பிள்ளை அழுவது லேசாகக் கேட்கிறது. ஆன்ட்டி ஃபோனிலிருந்து மாமியார் குரல் வருகிறது.

“ஏன்டா, நீ ஏன் வெளில நிக்கற? புள்ள யாரு மடில இருக்குது?”

“அவுங்க தம்பி மடிலம்மா.”

“அவன் எப்படிடா மாமனாவான்?”

பக்கத்தில் சங்கத்துக்காரர்கள் நிற்கிறார்கள். அவர் ஒருமுறை அவர்களைப் பார்க்கிறார். எனக்குத் தெரிந்த அதே பார்வை. இந்தத் தடவை கண் திரும்பி வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

“அவுங்களும் பாப்பாவுக்கு அம்மாதானம்மா. கோர்ட்லயே சொல்லியாச்சு. அம்மாவோட தம்பின்னா மாமன்தான?”

 “அப்ப நீ யாருடா?” என்கிறார் மாமியார்.

“ஃபேமிலி ஃப்ரெண்டும்மா.”

“அப்படின்னா?”

“அப்படின்னா வெளில நிக்கறவன்மா” என்கிறார். உள்ளே பிள்ளை இரண்டாவது தடவை வீறிடுகிறாள். தட்டிலிருந்த தேங்காய் உருண்டு விழுகிறது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

மூன்று முறை பார்த்தேன். குளித்துவிட்டு வந்த மனைவி என் கையில் ஃபோனைப் பார்த்தாள், பறிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான்காவது முறை என்னோடு சேர்ந்து பார்த்தாள். “இப்பவாவது மன்னிச்சிட்டியா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நாற்பது நிமிடத்தில் தெரிந்தது, அவருக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது என்றேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது.

வீடியோவை என் ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டேன். அடுத்த மாதம் டெக்சாஸ் போகிறோம். அண்ணனே டிக்கெட் போட்டிருக்கிறார். உத்தரவின் நகல் பையில் இருக்கும், வீடியோ ஃபோனில் இருக்கும். யாராவது என்னை யார் என்று கேட்டால் இரண்டையும் நான் எடுக்கப் போவதில்லை. அண்ணன் பக்கம் திரும்பி நிற்பேன்.